பழைய படகு எஞ்சினும் கைக்கயிற்று விசையும்

கொள்ளிடத்துப் படுகைகளிலும் திட்டுகளிலும் நிலம் வைத்திருக்கும் மிராசுதாரர்களுக்கு வெள்ள காலம் இன்னதென்று எடுத்துக் கூறவேண்டுவதில்லை. மேட்டூர் நிரம்பி, உபரி நீர் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பப்படும்போதெல்லாம் ஆற்றின் கடைப்பகுதியிலுள்ள ஊர்களுக்குப் படகே வண்டியாகின்றது. 2022ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் ஆகிய கிராமங்களைத் தண்ணீர் சூழ்ந்தபோது ஜனங்கள் படகுகளிலேயே கரை சேர்க்கப்பட்டனர். ஆட்களும், கன்றுகாலிகளும், விதை நெல்லும் அதிலேயே போகவேண்டும். இதை முன்னிட்டு, கடற்கரையூர்களில் உபயோகித்துக் கழித்த அவுட்போர்டு எஞ்சின்களைக் குறைந்த விலைக்கு வாங்கி வைப்போரும் உண்டு. அவ்வாறு வாங்கும் பழைய எஞ்சினில் கைக்கயிற்றோடு கூடிய நிறுத்து விசை, அதாவது படகுக்காரர் ‘கில் சுவிட்ச்’ என்று வழங்கும் சாதனம், இல்லையாயின், அதைப் பொருத்தாமல் ஒரு மனிதரையும் ஏற்றலாகாது என்பது என் அபிப்பிராயம்.

பழைய எஞ்சின்கள் பலவற்றில் அமுக்கி நிறுத்தும் பொத்தான் ஒன்று மாத்திரமே உண்டு. அதை அமுக்க ஆள் படகிலிருக்க வேண்டும். ஆளே தண்ணீரில் விழுந்துவிட்டால்? வயல்களின்மேல் நிற்கும் வெள்ளம் கடலைப்போன்றதன்று. நீருக்குள் வரப்பும், வேலிக்கல்லும், கிணற்றுச் சுவரும், வெட்டிய தென்னையின் அடிக்கட்டையும் மறைந்திருக்கும். எஞ்சினின் கீழ்ப்பாகம் இவற்றிலொன்றில் மோதினால் கைப்பிடி பிடியை விட்டுத் துள்ளும். பின்னணியத்தில் உட்கார்ந்திருப்பவர் நிலைதவறுவார். கைவிடப்பட்ட எஞ்சின் நேராகப் போவதில்லை. புரொபெல்லர் சுழலும் விசையே அதை ஒருபுறமாகத் திருப்பிவிடுகிறபடியால் படகு வட்டமிட்டு, விழுந்தவர் தத்தளிக்கும் இடத்துக்கே திரும்பி வரும். நிமிஷத்துக்கு 5000 சுற்று ஓடும் எஞ்சினில், கியர் அதைப் பாதியாகக் குறைத்தாலும், புரொபெல்லர் நொடிக்கு 40 தடவைக்கு மேல் சுழலும். மூன்று இலைகளுள்ள புரொபெல்லராயின் நொடிக்கு நூற்றிருபது வெட்டு என்று கொள்க. நீந்தத் தெரிந்தவர் என்பதால் இதற்குத் தப்பிவிட முடியாது.

இவ்விசை வேலை செய்யும் விதத்தைச் சற்று விரிவாகவே கூறவேண்டியிருக்கிறது. தவறு பெரும்பாலும் இங்கேதான் நேரிடுகின்றது. வீட்டு விளக்கின் சுவிட்சும் பம்புசெட்டு மோட்டாரின் சுவிட்சும் மின்சாரத்தின் வழியைத் துண்டித்து நிறுத்துபவை. கயிற்றை இழுத்துக் கிளப்பும் சிறு பெட்ரோல் எஞ்சினுக்கோ மின்சாரம் வெளியிலிருந்து வருவதில்லை. பிளைவீலிலுள்ள காந்தம் சுருளைக் கடக்குந்தோறும் அது அங்கேயே உண்டாகி ஸ்பார்க் பிளக்கில் பொறியாகின்றது. அதை நிறுத்த வேண்டுமாயின், பொறி தரும் பகுதியிலிருந்து வரும் நிறுத்துக் கம்பியை எஞ்சினின் உலோக உடம்போடு சேர்த்துவிட வேண்டும். மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் உடம்பில் இறங்கிவிட, எஞ்சின் நின்றுவிடும். ஆகையினால் கிளிப் மாட்டியிருக்கையில் விசையின் இரு முனைகளும் பிரிந்தும், கிளிப் கழன்றவுடன் ஒன்றுசேர்ந்தும் இருக்கவேண்டும். பாட்டரியினால் பொறி பெறும் எஞ்சின்களுக்கென விற்கும் விசைகளில் இம்முறை நேர்மாறாக இருத்தல் கூடும். கடையிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து வாங்குவது நலம்.

பொருத்துவது கடினமான வேலையன்று. பழைய பொத்தானுக்கு இரண்டு கம்பிகள் வருகின்றன. ஒன்று நிறுத்துக் கம்பி, மற்றது எர்த். புதிய விசையின் இரு கம்பிகளையும் அவற்றோடு பக்கவாட்டில் இணைத்தால் போதும். பழைய பொத்தானும் முன்போலவே வேலை செய்யும். கம்பியின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் நிறத்தை நம்பாமல் அந்த எஞ்சினின் புத்தகத்தைப் பார்க்கவேண்டும். எர்த் முனையைப் பெயிண்டின்மேல் முடுக்கினால் பயனில்லை. பளபளப்பாகச் சுரண்டிய இடத்தில் போல்ட்டு வைத்து இறுக்கவேண்டும். ஒற்றைக் கம்பி அதிர்ச்சியில் முறிந்துபோகும். ஈயம் பூசிய பல இழைச் செப்புக் கம்பியே உகந்தது. இணைப்புகளின்மேல் சூட்டில் சுருங்கும் உறையைப் போட்டு, பிளைவீலிலும் சூடான பாகங்களிலும் படாதபடி கட்டிவிடுதல் வேண்டும். இரண்டு சிலிண்டர் கொண்ட மிகப் பழைய எஞ்சின்களில் சிலவற்றுக்கு ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி நிறுத்துக் கம்பி உண்டு. ஒன்றை மாத்திரம் நிறுத்தினால் மற்றது ஓடிக்கொண்டேயிருக்கும். அங்கே இரட்டை முனை விசை தேவை. பொத்தானே இல்லாத எஞ்சினில் கம்பி எடுக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது மெக்கானிக்கின் வேலை. அதைக் குடியானவர் தாமே செய்யத் துணியலாகாது.

பாட்டரியின் மின்சாரத்தை இந்த நிறுத்துக் கம்பியில் ஒருபோதும் ஏற்றக்கூடாது. மோட்டார் சைக்கிளின் சாவியைப் பொருத்தி ‘நவீனம்’ செய்திருந்த ஒரு எஞ்சினைப் பட்டறையொன்றில் கண்டேன். பொறிப்பெட்டி கருகிக் கிடந்தது; அதன் விலை, எஞ்சினை வாங்கிய விலையில் பாதியென்று உடையவர் சொன்னார்.

இம்முறையில் ஒரு குறை உண்டு. அதை மறைப்பது நியாயமன்று. நிறுத்துவதற்குக் கம்பி சேரவேண்டியிருப்பதால், கம்பி எங்கேனும் அறுந்துவிட்டாலும் உப்பும் துருவும் ஏறிவிட்டாலும் எஞ்சின் வழக்கம்போல் ஓடும். விசை மட்டும் செத்திருக்கும். வெளியே அடையாளம் ஒன்றும் தெரியாது. ஆகையினால் பிரதி தினமும் படகை அவிழ்க்குமுன் எஞ்சினை மெதுவாக ஓட்டி, கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்க்கவேண்டும். நின்றால் புறப்படலாம். இதற்கு அரை நிமிஷம் கூடச் செல்லாது. இதைச் செய்யாதவர் விசை வாங்கிய பணத்துக்கு வேறு ஏதேனும் வாங்கியிருக்கலாம்.

“கயிறு கையைக் கட்டிப்போடுகிறது, சுழலின் நடுவே தெரியாமல் இழுபட்டு எஞ்சின் நின்றுவிட்டால் அதுவே அபாயம்” என்று அனுபவமுள்ள ஓடக்காரர்களே சொல்வதுண்டு. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் நின்ற எஞ்சினை மறுபடி கிளப்பலாம்; துடுப்பும் நீண்ட கழியும் படகில் இருக்கவே வேண்டும். கயிற்றை மணிக்கட்டில் கட்டுவது இடைஞ்சலாயின் தொடையிலோ மிதவைச் சட்டையிலோ மாட்டிக்கொள்ளலாம். ஓட்டுபவர் விழுந்தால் கிளிப்பும் அவரோடு போய்விடுமாகையால், மற்றொரு கிளிப் படகிலேயே கட்டப்பட்டிருக்க வேண்டும். அதை மாட்டிக் கிளப்பும் விதம் படகிலுள்ள இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது கிளிப் இல்லாத படகில் அந்த ஓடக்காரர்களின் ஆட்சேபம் முழுவதும் நியாயமே.

விசை இருந்தும் கயிற்றை மாட்டாததால் நேர்ந்த கேட்டுக்கு இங்கிலாந்தில் 2013ம் வருஷம் மே மாதம் பாட்ஸ்டோ என்னும் ஊரருகே நடந்தது சாட்சி. கழிமுகத்தில் விசைப்படகொன்று சடுதியில் திரும்பியதால் ஒரு குடும்பத்தார் அறுவரும் நீரில் வீசப்பட்டனர். ஆளில்லாப் படகு வட்டமிட்டு அவர்கள்மேலேயே வந்தது. தந்தையும் ஒரு மகளும் மாண்டனர். படகில் நிறுத்து விசை இருந்தது. கயிறு ஓட்டியவர் உடம்பில் இல்லையென்பதை விசாரணை வெளியிட்டது. அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த விசைப்படகுகளில் வேகமாகச் செல்லுகையில் இக்கயிற்றை மாட்டியிருப்பது 2021ம் வருஷம் ஏப்ரல் 1ந் தேதி முதல் சட்டமாயிற்று.

கிராம அதிகாரிகளுக்கு இதில் ஒரு பங்குண்டு. சென்னையில் 2015 டிசம்பரிலும், கேரளத்தில் 2018 ஆகஸ்டிலும், மீனவர் படகுகள் லாரிகளில் ஏற்றி வரப்பட்டு வீதிகளில் ஓடி அநேக உயிர்களைக் காத்தன. வெள்ளம் வந்தபின் கிடைத்த படகை அழைப்பது தவிர்க்கமுடியாதது. ஆனால் உள்ளூர்ப் படகுகளின் ஜாபிதாவை மழைக்கு முன்பே எழுதுகிறவர்கள், படகின் நீளத்தையும் குதிரைச் சக்தியையும் மட்டும் குறித்துக்கொண்டு போவது போதாது. கயிற்றை இழுத்துப் பார்த்து, எஞ்சின் நின்றதா என்று ஒரு பத்தி சேர்த்தெழுதலாம். நிற்காத எஞ்சினை உடையவர் ஐப்பசிக்குள் சரிசெய்ய அவகாசம் இருக்கும்.

டீசல் எஞ்சின் உள்ள படகுகளுக்கு மேற்கூறிய கம்பி வேலை உதவாது. டீசலில் பொறியே இல்லையாகையால் எதை எர்த் செய்தாலும் அது ஓடும். நீண்ட தண்டு பொருத்திய டீசல் எஞ்சின்களில், எண்ணெயை அடைத்து நிறுத்தும் நெம்புகோலை, கயிறு கழன்றதும் ஸ்பிரிங் இழுக்கும்படி அமைக்கவேண்டும். இதற்கு ஒவ்வொரு எஞ்சினின் அமைப்பையும் நேரில் பார்த்தே ஏற்பாடு சொல்லமுடியும்.