பட்டியல் போடாத அன்பு

கொடகவெல பக்கத்துத் தோட்டங்களில் கிறிஸ்தவக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு லயத்தில் ஒரு வீடு, மிஞ்சிப்போனால் இரண்டு வீடு. அந்தக் கொஞ்சப் பேருக்குள்ளேயும் கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடிஸ்தர், பெந்தகோஸ்து என்று பிரிவுகள். அக்கம்பக்கத்து வீடுகளில் முருகனும் மாரியம்மனும் இருக்காங்க. தோட்ட எல்லையைத் தாண்டினால் பன்சலையும் தேயிலைக் காணிகளுமாக நாட்டுப்பக்கம். 2012 கணக்கெடுப்புப்படி இலங்கை முழுக்கவே கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் சொச்சம்தான். எங்கள் மாவட்டத்தில் அதைவிட எவ்வளவோ குறைவு.

இதில் ஒரு விஷயம் இருக்கு. எங்கள் லயத்து ஆட்களில் பெரும்பாலானவர்கள் பைபிளைத் திறந்து பார்த்ததே இல்லை. இயேசு யாரென்று அவர்களுக்குத் தெரிவதெல்லாம் அந்த ஒரு வீட்டைப் பார்த்துத்தான். அந்த வீட்டுக்காரர் கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்கிறாரா, பைப்படியில் தண்ணீர் சண்டை வந்தால் எப்படிப் பேசுகிறார், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது சாதி கேட்கிறாரா, இதுதான் அவர்கள் வாசிக்கிற நற்செய்தி. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் எவ்வளவு நல்லா இருந்தாலும் அது லயம் வரைக்கும் கேட்காது.

அதனால் அன்பு, தாழ்மை, நேர்மை என்று சபைகளில் அடிக்கடி கேட்கிற மூன்று சொற்களையும் எங்கள் ஊர் நிலைமையில் வைத்துப் பேசிப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். அதுக்கு ஒரு மனுசரைப் பற்றிச் சொல்லணும். இளம் தமிழ் வாசகர்களில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவாகத்தான் இருப்பீர்கள்.

அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ. அமலமரித் தியாகிகள் சபைக் குருவானவர். ரோமிலும் பாரிசிலுமாக இரண்டு முனைவர் பட்டங்கள். கண்டி அம்பிட்டிய குருமடத்தில் பேராசிரியராக இருந்தவர். அப்படிப்பட்டவர் 1980இல் மொனராகலை மாவட்டத்தில் புத்தல பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய்க் குடியிருந்தார். வறண்ட ஏழை ஊர், எல்லோரும் சிங்கள பௌத்தர்கள். பெரிய கோயில் எதுவும் அவர் கட்டவில்லை. சின்ன வீடொன்றில் இருந்தார். அதற்கு வைத்த பெயர் 'சுப செத் கெதர'. தமிழில் நல்வாழ்த்து இல்லம் என்று சொல்லலாம்.

அங்கே போய் அவர் முதலில் செய்தது, கேட்டுக்கொண்டு இருந்ததுதான். ஊர்ச்சனத்திடம் கற்றுக்கொண்டார். பௌத்தத்தை ஆழமாகப் படித்தவர், ஆனா அதை வைத்து யாரோடும் வாதாடி ஜெயிக்கப் பார்க்கவில்லை. அருட்சகோதரிகளும் அவரோடு சேர்ந்து வேலை செய்தார்கள். நாட்டு மருந்து, பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைகளுக்குப் படிப்பு, விவசாயிகளோடு கூட்டம் என்று நாட்கள் போயின. பெருங்கம்பனிகள் கரும்புக்காக அந்தப் பக்கத்து நிலங்களை எடுத்தபோது, சேனைப் பயிர் செய்து பிழைத்த விவசாயிகளின் பக்கம் நின்றார். யாரையும் மதம் மாற்றவில்லை. அது அவருடைய நோக்கமாகவே இருக்கவில்லை.

தெற்கில் ஒரு பக்கம் கிளர்ச்சி, மறுபக்கம் அரச அடக்குமுறை என்று நாடு நடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஏழைகளோடு சேர்ந்து உட்கார்ந்தாலே சந்தேகம். மிரட்டல்கள் வந்தன. போய்விடலாம் என்ற வழி திறந்துதான் இருந்தது, அவர் போகவில்லை. 1987 நவம்பர் 10ஆம் தேதி, அந்தச் சின்ன வீட்டில் மாலைப் பூசை ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

இப்போ சிலர் கேட்கலாம்: "ஏழு வருசத்தில ஒரு ஆளைக்கூட இயேசுகிட்ட கொண்டுவரலையே, அது என்ன ஊழியம்?" இந்தக் கேள்வியை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. தன் விசுவாசத்தை மற்றவருக்குச் சொல்வது எந்தக் கிறிஸ்தவருக்கும் உள்ள உரிமை. அந்த உரிமையைக் கட்டுப்படுத்த 2004இல் பாராளுமன்றத்தில் மதமாற்றத் தடைச் சட்டமூலம் வந்தபோது சபைகள் எதிர்த்தது சரிதான். ஆனா சொல்வது வேறு, விலை பேசுவது வேறு.

விலை பேசுவது எப்படி என்று எங்களுக்குத் தெரியும். 2017 மே மாத வெள்ளத்திலும் மண்சரிவிலும் இரத்தினபுரி மாவட்டம் மோசமாக அடிபட்டது. 2022இல் பொருளாதாரம் விழுந்தபோது பால்மா வாங்க முடியாத வீடுகள் தோட்டத்தில் எத்தனையோ. இப்படியான நேரங்களில் சபைகள் நிறைய உதவி செய்திருக்கின்றன, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனா சாமான் வருவதற்கு முன்னாடி சில இடங்களில் ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. முதலில் நம்ம சபை ஆட்கள். அடுத்தது சபைக்கு வரக்கூடிய ஆட்கள். "ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்களேன்" என்ற வார்த்தையோடு ஒரு பொதி. கொடுக்கும்போது ஒரு படம், அன்றைக்கு இரவே அது முகநூலில். அரிசிக்காகக் கை நீட்டுகிற அம்மாவின் முகத்தை ஊரே பார்க்கிறது. அவங்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிப்போன சமாரியன் கதை எல்லா ஞாயிறு பள்ளியிலும் சொல்லிக் கொடுக்கிற கதை. அந்தச் சமாரியன் அவனிடம் எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்று கேட்கவில்லை. பட்டியல் போடாமல் செய்தான், சத்திரக்காரனுக்குக் காசையும் கொடுத்துவிட்டுத் தன் பாட்டில் போனான். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு நாமே பட்டியலோடு போய் நின்றால், பிள்ளைகள் எதைப் பிடித்துக்கொள்ளும்?

நாட்டுப்பக்கத்து ஆட்களை நேசிப்பது எங்கள் பெரியவங்களுக்கு லேசான காரியம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1977இலும் 1981இலும் சப்ரகமுவத் தோட்டங்களில் தமிழ் ஆட்கள் தாக்கப்பட்டார்கள், லயங்கள் எரிந்தன. பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறின. போகாமல் இங்கேயே இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அந்தப் பயம் வீட்டில் இன்னும் இருக்கு. மறந்துவிடுங்கள் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. ஆனா அதே காலத்தில்தான் கண்டியில் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ், 1972இல் தான் தொடங்கிய சத்தியோதய நிலையத்தில் வெவ்வேறு இனத்தவரையும் மதத்தவரையும் சேர்த்து வைத்து, மலையகத் தோட்டச் சனத்தின் உரிமைக்காக வேலை செய்துகொண்டிருந்தார். அவர் தமிழரில்லை. அவர் யாருக்காகப் பேசினாரோ அவர்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்களும் இல்லை. ஒருவர் சிங்கள பௌத்த விவசாயிக்காக, இன்னொருவர் தமிழ் இந்துத் தொழிலாளிக்காக. இரண்டு பேருமே தங்கள் ஆட்கள் யார் என்று எல்லை போட்டுக்கொண்டு வேலை செய்யவில்லை.

தாழ்மை என்றால் தலையைக் குனிந்து மெதுவாகப் பேசுவது என்று நினைக்கிறோம். புத்தலயில் அது வேற மாதிரி இருந்தது. இரண்டு முனைவர் பட்டம் வைத்திருந்தவர் கிராமத்து மனுசரிடம் மாணவனாக உட்கார்ந்தார். எங்களுக்கு அதன் அர்த்தம் இப்படித் தெரிகிறது: சிங்களத்தைக் கடைக்குப் போகிற அளவுக்கு மட்டும் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரரின் கவலையைக் கேட்கிற அளவுக்குப் படிக்கிறது. பன்சலையில் சிரமதானம் என்றால் மண்வெட்டியோடு போகிறது. "அங்கெல்லாம் போகக்கூடாது" என்று சொல்கிற பெரியவங்க இருக்காங்க. புல் வெட்டுவது வழிபாடு இல்லை. நம்ம கோயில் கூரை காற்றில் பறந்தால் அவங்களும் வருவாங்க.

நேர்மை இன்னும் கஷ்டம், ஏன்னா அதில் காசும் பதவியும் இருக்கு. கொழுந்து நிறுக்கிற இடத்தைப் பாருங்கள். சாக்குக்கு, தண்ணிக்கு என்று கிலோ கழிக்கிறார்கள். ஒன்றிரண்டு கிலோ குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகிறது, ஒரு அம்மாவின் அரைநாள் சம்பளம் போகிறது. அந்தத் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் சில நேரம் சபையில் சாட்சி சொல்கிற அண்ணனாகவும் இருக்கலாம். கள்ளத்தராசைக் கடவுள் அருவருக்கிறார் என்பது நீதிமொழிகளைப் படித்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர் அந்த இடத்தில் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி.

நாங்களும் தராசுக்குத் தூரத்தில் இல்லை. கலைப்பீடத்தில் படிக்கிறோம். வெள்ளிக்கிழமை ஜெபக்குழுவில் கிட்டார் வாசிக்கிற சிலர், திங்கட்கிழமை புதுமுக மாணவர்களை வரிசையில் நிற்க வைத்துப் பகிடிவதை செய்வதைப் பல்கலைக்கழகங்களில் பார்க்க முடிகிறது. "மரபுதானே மச்சான், நமக்கும் செய்தாங்கதானே" என்கிறார்கள். சீடர்களின் கால்களைக் கழுவியவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு, தோட்டத்திலிருந்து முதல் முறையாக வளாகத்துக்கு வந்த ஒரு தம்பியை முழங்காலில் நிற்க வைக்க முடியாது. அதை நிறுத்தச் சொல்கிறவர் தனித்துப் போவார், பட்டப்பெயர் வைப்பார்கள், சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். அந்த விலையைக் கொடுக்கத் தயாரா என்று ஜெபக்குழுக்களில் பேச வேண்டும்.

நாங்கள் கேட்பது பெரிய தியாகம் இல்லை. அடுத்த முறை நிவாரணம் வந்தால், எந்தச் சபை என்று பார்க்காமல் தோட்டத்தில் மிகவும் இல்லாத வீட்டிலிருந்து பெயர் எழுதத் தொடங்குங்கள். கொடுக்கும்போது போனைப் பையில் வையுங்கள். உங்கள் கையில் தராசு இருந்தால் சரியாக நிறுங்கள், இல்லாவிட்டால் குறைத்து நிறுக்கிறவரிடம் கேளுங்கள். வளாகத்தில் ஒரு புதுமுகத் தம்பிக்கோ தங்கைக்கோ பக்கத்தில் போய் நில்லுங்கள். இதையெல்லாம் செய்து ஒருவரும் சபைக்கு வராமல் போகலாம். வராவிட்டாலும் அடுத்த நாளும் செய்யுங்கள்.