தூசியின் மேல் பழி

நெய்வேலி நகரியத்தில் யாரேனும் இருமினால், "எல்லாம் சுரங்கத் தூசிதான்" என்று சொல்லிக் கஷாயம் வைத்துக் கொடுப்பது வழக்கம். நாமும் அவ்வாறே சொல்லியிருக்கிறோம். ஆனால் இருமல் இரண்டு வாரங்கள் கடந்தும் நிற்கவில்லையென்றால், தூசியின் மேல் பழியைப் போட்டுவிட்டு வாளாவிருத்தல் தகாது. மாலை ஜுரம், உடல் மெலிவு, சளியில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் தாமதிக்கலாகாது. சளியைச் சோதித்தறிய வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குச் செலவில்லை. மார்வலியுடன் வியர்வையோ மூச்சுத் திணறலோ கண்டாலோ, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

குணமாகக் கூடிய க்ஷயத்திற்கு வெட்கம் எதற்கு? வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொண்டு குணமடையலாம் என்று உலகுக்கு நிரூபித்தது, 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சியேயாகும். அந்தப் பெருமை நம்முடையது. அதன் பயனும் நம்முடையதாகுக!