தோள் ஏன் இறுகுகிறது?

புல்மோட்டைக் கடற்கரையிலே கரைவலை இழுப்போர்க்கும், கனிய மணலோடு தொழில் புரிவோர்க்கும் தோள் நோவு புதிதன்று. நோவு கண்டதும், "உழைத்த தோள் அல்லவா, நோகத்தான் செய்யும்" என்று அமைதி கொள்வது வழக்கம். ஆயின் வலையைத் தொட்டறியாத இல்லத்தரசியும் நாற்பது வயதைக் கடந்தபின் தலைவாரக் கை உயராமல் வருந்துகிறாள். தொழுகையிலே காதளவு கையுயர்த்த இயலாது தவிக்கும் முதியோரும் உளர். உழைப்பு ஒன்றே காரணமாயின் இவர்களுக்கு இந்நோய் வருவானேன்? இவ்வாரம் அதனையே ஆராய்வோம்.

தோள், பந்தும் கிண்ணமும் போல் அமைந்த மூட்டு. அதனைச் சுற்றி ஓர் உறை உண்டு. கை எத்திசையிலும் சுழலவேண்டுமாதலின் இவ்வுறை தளர்வாக அமைந்துளது. சிலருக்கு இவ்வுறை அழற்சியுற்று, தடித்துச் சுருங்கிவிடுகிறது. துவைத்துச் சுருங்கிய சட்டையை அணிந்தவன் நிலையே அத்தோளின் நிலையும் ஆகும். அமெரிக்க வைத்தியர் கொட்மன் 1934ஆம் ஆண்டில் இதனை 'உறைந்த தோள்' என்றார். யப்பானியர் 'ஐம்பது வயதுத் தோள்' என்பர். 40 முதல் 60 வயது வரையுள்ளோரை, அவர்களுள்ளும் பெண்களைச் சற்று மிகுதியாக, இது பற்றுதலின் அப்பெயர் பொருத்தமே.

பலருக்கு இன்ன காரணமென்று சொல்லமுடியாமலே இது தோன்றுகிறது. எனினும் இதற்கு இடங்கொடுக்கும் நிலைகள் சில தெளிவாகத் தெரிந்தவை. அவற்றுள் முதன்மையானது சலரோகம். பொதுமக்களுள் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு வருவதாகக் கணிக்கப்படும் இந்நோய், சலரோகமுடையோரிடம் அதனினும் பன்மடங்கு காணப்படுகிறது. தைரொயிட்டுச் சுரப்பியின் கோளாறு மற்றொன்று. எலும்பு முறிவு, பாரிசவாதம், மார்பக அறுவை முதலியவற்றின்பின் கையை நெடுநாள் அசையாது வைத்திருத்தலும் காரணமாகும். ஓய்வு நன்றென்று கையைக் கட்டியே வைத்திருப்பது தீமையாய் முடியலாம்.

வலை இழுப்போரின் நோவு யாது? அது பெரும்பாலும் தசைநாண் நைவதால் வருவது. இரண்டையும் பிரித்தறிய ஒரு குறிப்பு உண்டு. தாமாகக் கையை உயர்த்த இயலாதவிடத்துப் பிறர் மெல்லத் தூக்க உயருமாயின், பழுது தசைநாணில் இருக்கலாம். பிறர் தூக்கினும் உயராது, வெளிப்புறமாகத் திருப்பவும் முடியாதாயின், உறை சுருங்கியிருத்தல் கூடும். முடிவு கூறவேண்டியவர் வைத்தியரே.

இந்நோய் முதலில் இரவுத் துயிலைக் கெடுக்கும் நோவாகத் தொடங்கி, பின் நோவு தணிந்து இறுக்கம் மிகுந்து, இறுதியில் மெல்ல இளகும். இதற்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை செல்லலாம். வெந்நீர் ஒத்தடமும், தாங்கும் அளவிற் செய்யும் பயிற்சியும் உதவும். முரட்டுத்தனமாகக் கையைப் பிடித்து இழுப்பித்தல் ஆகாது. மூட்டில் ஊசி ஏற்றுமுன், சலரோகமுடையோர் அதனை வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். அம்மருந்து குருதியிற் சர்க்கரையைச் சிலநாள் உயர்த்தக்கூடும்.

இடத் தோள் நோவுடன் மார்பு இறுக்கமும் வியர்வையும் தோன்றின், அது இதய நோயாக இருக்கலாம். கணமும் தாமதியாது வைத்தியசாலைக்கு விரைக.

காரணமின்றித் தோள் இறுகியோர் குருதியிற் சர்க்கரையை ஒருமுறை சோதித்துக்கொள்க. மறைந்திருக்கும் சலரோகத்தைத் தோள் முந்தி அறிவிப்பதும் உண்டு. அவ்வறிவிப்பை அலட்சியஞ் செய்யாதிருத்தல் குடும்பத்துக்கே நலம்.