34ஆவது பிரிவு மேல்முறையீடு அல்ல

காப்பீட்டு நிறுவனம் தருவது மக்கள் பணம், ஆகவே நடுவர் தீர்ப்பை நீதிமன்றம் அடிமுதல் துருவ வேண்டும் என்கிறார் நண்பர். ஏற்கவே முடியாது. நடுவர் ஷரத்தைப் பாலிசியில் அச்சடித்துக் கொடுத்ததே நிறுவனம்தான். 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு, சமரசச் சட்டத்தின் 34ஆவது பிரிவில் சர்வேயர் அறிக்கையையும் ஸ்டாக் கணக்கையும் மறுபடி எடைபோட இடமில்லை. 2015 திருத்தம் அதை வெளிப்படையாகவே சொல்கிறது. மோசடி, லஞ்சம், இயற்கை நீதி மீறல் இருந்தால் ரத்து கேட்கலாம், அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. தொகை கசக்கிறது என்பது காரணமாகாது.

குடோன் எரிந்தவர் வங்கி வட்டிக்கு வழியின்றி, 'முழுத் தொகையும் பெற்றேன்' என்ற வவுச்சரில் கையெழுத்திடுகிறார். நெருக்கி வாங்கிய அந்தக் கையெழுத்து நடுவர் மன்ற வழியை அடைக்காது என்று 2008இல் போகாரா பாலிஃபேப் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. அத்தனையும் தாண்டி வென்றவரைத்தான் நண்பர் மறுபடி முதல் படியிலிருந்து ஏறச் சொல்கிறார்.