ஐம்பத்து மூன்று லட்சமும் ஒரு பழைய போலோவும்

கார் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டார். "முப்பது வருசம் ஸ்கூட்டர்ல போனவருக்கு இது எதுக்குங்க?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் வங்கியில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டியதில், கார் லோன் கேட்டு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்த முகங்களை நிறையவே பார்த்திருக்கிறேன். அந்த ஒரு தகுதியில் எழுதுகிறேன்.

என் அண்ணன் மகன் இங்கே கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் இன்ஜினியர். சின்ன வயதிலிருந்தே கார் பைத்தியம். பால்குடி மறந்ததும் சக்கரம் பிடித்தவன் என்று அண்ணி சொல்வார். அவனுக்கு ஒரே கனவு: ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ. அது இந்தியாவுக்கு வரும், வரும் என்று பல வருடம் காத்திருந்தான். ஒருநாள் வாங்குவோம் என்று பதினாறு லட்சம் சேர்த்தும் வைத்திருந்தான். கல்யாணச் செலவுக்குக்கூட அந்தப் பணத்தில் கை வைக்கவில்லை.

2025 மே 26 அன்று விலையை அறிவித்தார்கள். 52.99 லட்சம், அதுவும் ஷோரூம் விலை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஏமாத்திட்டாங்க சித்தப்பா. நாப்பது, மிஞ்சிப்போனா நாப்பத்திரண்டுன்னு கணக்குப் போட்டிருந்தேன்" என்றான்.

"பொருள் அவங்களுது, விலையும் அவங்க வெக்கறதுதான கண்ணு. இதுல ஏமாத்த என்ன இருக்கு?" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமே என்று பிறகுதான் எனக்குத் தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுடைய கூட்டாளிகள் மூன்று பேர் வந்தார்கள். காபி இரண்டு சுற்றுப் போயிற்று. பேச்செல்லாம் விலைதான். ஒருவன் கம்பெனி கொள்ளையடிக்கிறது என்றான். இன்னொருவன், "இந்தக் காசுக்கு பிஎம்டபிள்யூ எக்ஸ்1 வருமே, எவன் இதை வாங்குவான்?" என்றான். மூன்றாமவன், "நம்ம ஊர் வேகத்தடையில அடி தட்டற வண்டி. சும்மா குடுத்தாலும் வேண்டாம்" என்றான். போன மாதம் வரை இதே வண்டியின் படத்தைக் கைபேசியில் வைத்திருந்தவன் அவன்! நரியும் திராட்சையும் கதைதான் ஞாபகம் வந்தது.

இவர்கள் சொன்னதில் எது நியாயம், எது வெறும் ஆற்றாமை என்று அன்றிரவு யோசித்தேன். வங்கிக்காரன் புத்தி, கணக்குப் போடாமல் தூங்காது.

முதலில் கொள்ளை என்ற புகார். இந்த வண்டி முழுதாகத் தயாராகி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. ஜெர்மனியிலேயே அதன் விலை, அந்த ஊர் வரியெல்லாம் சேர்த்து, 45,000 யூரோவை ஒட்டி இருந்தது. நம் பணத்தில் நாற்பது லட்சத்துக்கு மேல். இங்கே வந்திறங்கும் முழு வண்டிக்குச் சுங்க வரி குறைந்தது 70 சதவீதம். அதற்கு மேல் அப்போதிருந்த ஜிஎஸ்டி 28, செஸ் 20, ஆக 48 சதவீதம். வரிக்கும் சேர்த்துத்தான் வரி. நூறு ரூபாய்ப் பொருளுக்குச் சுங்கம் சேர்ந்தால் நூற்று எழுபது. அதன்மேல் 48 சதவீதம் போட்டால் இருநூற்று ஐம்பதைத் தாண்டுகிறது. விற்பவர் லாபம் தனி. பிறகு நம் தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். இந்த வண்டிக்கு அது மட்டுமே பத்தரை லட்சம்! இன்சூரன்ஸையும் சேர்த்தால் வீட்டு வாசலுக்கு வரும்போது அறுபத்தைந்து லட்சத்தைத் தாண்டிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஆக, பையன்கள் திட்டியதில் பாதியைக் கம்பெனியின் கணக்கிலிருந்து எடுத்து அரசாங்கத்தின் கணக்கில் வைக்க வேண்டும்.

இங்கேயே பூட்டி விற்றால் கதை வேறு. 2017-ல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் என்ற வேகமான காரை அவுரங்காபாத்தில் பூட்டி 24.62 லட்சத்துக்கு விற்றார்கள். 2025 அக்டோபரில் அதே பெயரில் புதுத் தலைமுறை வண்டி முழு இறக்குமதியாக வந்தது. விலை 49.99 லட்சம், மொத்தம் 100 வண்டி. எட்டு வருடத்தில் விலை இரட்டிப்பு. நூறு வண்டி விற்க யாரும் இங்கே தொழிற்சாலை போட மாட்டார்கள் என்பதும் புரிகிறது.

அடுத்தது பிஎம்டபிள்யூ ஒப்பீடு. இதில் எனக்குச் சம்மதமில்லை. ஊருக்குக் காட்ட வாங்குவது ஒன்று, ஓட்டிப் பார்க்க வாங்குவது இன்னொன்று. வீணை வாங்கப் போனவனிடம், இந்த விலைக்குப் பெரிய பீரோவே வருமே என்றால் அவன் என்ன செய்வான்?

கம்பெனிக்காரர்கள் இதற்கெல்லாம் பதில் சொல்லத் தேவையே இருக்கவில்லை. முதல் தொகுதியாக அவர்கள் ஒதுக்கிய 150 வண்டிகளும், விலையை அறிவிக்கும் முன்பே முன்பதிவில் தீர்ந்துவிட்டன. இருக்கிற சரக்கு தீர்ந்துவிட்டதே, பிறகு விலை அதிகம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். வியாபாரக் கணக்கில் அது சரி.

ஆனால் எனக்கு நெருடுவது அங்கேதான். விலை கேட்காமல் பதிவு செய்தவர்களுக்கு வண்டி வந்துவிடுகிறது. அவர்களிலும் உண்மையான பிரியர்கள் இருப்பார்கள், இல்லையென்று சொல்லவில்லை. எட்டு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்தவன் மட்டும் விலையைக் கேட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறான்.

இந்த வண்டி யாருக்காகப் பிறந்தது என்று பார்த்தால் வேடிக்கை. 1975-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டி, 1976-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். சாதாரணக் குடும்பம் ஓட்டும் கோல்ஃப் காரில் 110 குதிரைத் திறன் இன்ஜினை வைத்தார்கள். மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் போயிற்று. பணக்காரர்களின் ஸ்போர்ட்ஸ் கார்களை நெடுஞ்சாலையில் துரத்தும் வண்டி, விலை மட்டும் மாதச் சம்பளக்காரன் யோசிக்கக்கூடிய அளவில். 5,000 விற்றால் போதும் என்று ஆரம்பித்தார்கள். முதல் தலைமுறை மட்டும் நாலரை லட்சத்துக்கு மேல் விற்றது. எட்டிப்பிடிக்கக்கூடிய வேகம் என்பதுதான் அதன் பெயருக்குப் பின்னால் இருந்த வாக்கு.

ஆகவே பையன் "ஏமாத்திட்டாங்க" என்றானே, அது விலைக்காக மட்டும் வந்த சொல் என்று இப்போது நான் நினைக்கவில்லை. இது உனக்கான வண்டி என்று ஐம்பது வருடமாகச் சொல்லிவந்துவிட்டு, கடைசியில் உனக்கில்லை என்றது போல அவனுக்குப் பட்டிருக்கிறது. ஃபெராரியின் விலையைக் கேட்டு யாரும் அழுவதில்லை. அது நமக்கென்று யாரும் நினைத்ததில்லை.

நம் ஊர்க்காரர் எஸ். கரிவரதனை இந்த வலைப்பூ வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1995-ல் விமான விபத்தில் அநியாயமாகப் போனார். மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை உருவாக்கியவர். பெரிய செலவில்லாமல் இளைஞர்கள் பந்தயத்தில் இறங்க அது வழி திறந்தது. கோவைக்குக் கார் பந்தயப் பெயர் வந்ததில் அதற்குப் பங்குண்டு. ஆசைக்கு அருகில் விலை இருந்தால்தான் புது ஆட்கள் வருவார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நூறு, நூற்றைம்பது என்று தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் விற்கும் கம்பெனிகள், பதினைந்து வருடம் கழித்துத் தங்கள் பெயரைக் கொண்டாட யார் இருப்பார்கள் என்று யோசிக்க வேண்டும்.

2016-ல் இதே கம்பெனி போலோ ஜிடிஐயை 25.99 லட்சத்துக்குக் கொண்டுவந்தது. 99 வண்டிதான். இத்தனை சின்ன காருக்கு இத்தனை விலையா என்று அன்றும் முணுமுணுப்பு. மறு வருடமே 19.99 லட்சமாக இறக்க வேண்டி வந்தது. முணுமுணுப்புக்கும் ஒரு பலம் இருந்த காலம்!

பையனின் கதைக்கு வருகிறேன். ஒரு வாரம் கழித்து, "லோன் போட்டா என்ன சித்தப்பா?" என்று வந்தான். ஐம்பது லட்சம், ஒன்பது சதவீத வட்டி, ஏழு வருடம். தாளில் எழுதிக் காட்டினேன். மாதம் எண்பதாயிரம். வாங்காதே என்று நான் சொல்லவில்லை. நானும் ஒரு காலத்தில் ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிளுக்காக ஏங்கியவன். அதன் விலை அன்று என் ஒரு வருடச் சம்பளத்துக்கும் மேல். கடைசியில் தங்கை கல்யாணம் முந்திக்கொண்டது. அந்த ஏக்கம் முழுதாகப் போனதாகச் சொல்ல மாட்டேன்.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். மறுநாள் தொலைபேசியில், "வேண்டாங்க சித்தப்பா" என்றான். குரல் சரியாகத்தான் இருந்தது.

அவனிடம் ஒரு பழைய போலோ ஜிடி இருக்கிறது. புனே பக்கம் சாகனில் செய்த வண்டி. 2013-ல் அது அறிமுகமானபோது எட்டு லட்சத்துக்கு ஆயிரம் ரூபாய் குறைவு. அதற்கு நாலு புது டயரும் சஸ்பென்ஷன் வேலையும் செய்தான். சென்ற மாதம் என்னை அதில் வால்பாறைக்குக் கூட்டிப் போனான். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு. எனக்குப் பதினெட்டாவதிலேயே தலை சுற்றியது. அவன் முகத்தில் சிரிப்பு நிற்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பையனோ பெண்ணோ விலையைக் கேட்டு வாடிப்போய் வந்தால், தகுதிக்கு மீறிய ஆசை என்று உடனே சொல்லிவிடாதீர்கள். நான் செய்த தப்பு அது. முதலில் ஒரு காபி கொடுங்கள். கணக்கைப் பிறகு போடலாம்.