ஹெயிட்டிக்காரர் ஏன் உருப்படவில்லை?

போன மாதம் லாச்சப்பலில் தெரிந்த அண்ணை ஒருவரைக் கண்டேன். குடும்பத்தோடு டொமினிக்கன் குடியரசுக்கு விடுமுறை போய் வந்திருக்கிறார். புன்ரா கானாக் கடற்கரை, ஹோட்டல், சாப்பாடு எல்லாவற்றையும் புகழ்ந்து முடித்துவிட்டுக் கேட்டார்:

"அதே தீவின்ர மற்றப் பக்கம் தானே தம்பி ஹெயிட்டி. அதே வெயில், அதே கடல். உவங்கள் மட்டும் ஏன் உருப்படேல்லை? சோம்பேறியள்."

எனக்குச் சுருக்கென்றது. நான் வேலை செய்யும் றெஸ்ரோறன்ட்டில் கோப்பை கழுவுகிறவர் ஒரு ஹெயிட்டிக்காரர். காலை வந்தால் கடைசி மெத்ரோவுக்குத்தான் ஓடுவார். அவர் சோம்பேறி என்றால் நாங்கள் எல்லாம் யார்? அண்ணையோடு நின்று கதைக்க நேரமிருக்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

அண்ணை கண்டது பொய் இல்லை. இரண்டுமே இலங்கையை விடச் சிறிய நாடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கோடியே பத்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட சனம். 1960 வாக்கில் தலைக்கு வருமானம் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருந்தது. இன்றைக்கு டொமினிக்கனில் பிறக்கும் பிள்ளை, ஹெயிட்டியில் பிறக்கும் பிள்ளையை விடச் சுமார் பத்து வருடம் கூட வாழும். இந்தப் பக்கம் ஹோட்டல்கள் நிரம்பி வழிகின்றன. அந்தப் பக்கம் 2021 ஜூலையில் ஜனாதிபதியையே வீடு புகுந்து சுட்டுக் கொன்றார்கள். தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் குழுக்களின் கையில்.

ஆனால் ஏன் இப்படி? 1804இல் அடிமைகளே நெப்போலியனின் படையை அடித்துத் துரத்தி உருவாக்கிய நாடு ஹெயிட்டி. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி 150 மில்லியன் பிராங் கேட்டது. எதற்கு? தோட்டங்களையும் அடிமைகளையும் இழந்த முதலாளிகளுக்கு நட்டஈடாம்! 1838இல் 90 மில்லியனாகக் குறைத்தார்கள். அதைக் கட்டுவதற்குப் பாரிஸ் வங்கிகளிலேயே கடன். அந்தக் கடன்களின் கடைசி மிச்சம் தீர்ந்தது 1947இல்! எங்கள் ஊர் அறாவட்டிக்காரர் தோற்றுப் போவார்கள். நானும் அவரும் வேலை செய்கிற இந்த நகரத்துக்குத்தான் அந்தக் காசு வந்தது. 2025 ஏப்ரலில்தான் மக்ரோன் இதை ஆராய வரலாற்றாசிரியர் குழு ஒன்றை அறிவித்தார்.

எல்லாவற்றையும் வெள்ளைக்காரனின் தலையில் போட்டுத் தப்பவும் முடியாது. துவாலியே அப்பனும் மகனும் 1957 முதல் 1986 வரை நாட்டைச் சூறையாடினார்கள். 1822 முதல் 1844 வரை ஹெயிட்டி தான் டொமினிக்கனை ஆண்டது. டொமினிக்கர்கள் சுதந்திர தினமாகக் கொண்டாடுவது ஹெயிட்டியிடமிருந்து பிரிந்த நாளை. அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

அண்ணைக்கு நான் சொல்ல நினைத்தது வேறு. அவர் பார்த்த அந்த நல்ல வாழ்க்கைக்கு கரும்பு வெட்டியது யார்? ஹோட்டலுக்குக் கல்லும் சீமெந்தும் சுமந்தது யார்? பெரும்பாலும் ஹெயிட்டிக்காரர்.

1937இல் சர்வாதிகாரி துருஹியோவின் ஆட்கள் எல்லையோரத்தில் பல்லாயிரம் ஹெயிட்டியரை வெட்டிக் கொன்றார்கள். பெர்சில் கீரையைக் காட்டி, ஸ்பானிய மொழியில் அதன் பெயரைச் சொல்லச் சொன்னார்களாம். நாக்குப் புரளாதவனுக்கு வெட்டு. நான் தினமும் கட்டுக் கட்டாக அரிகிற கீரை அது. இதைக் கேட்டபோது எனக்கு அப்பா சொன்ன 'பால்திய' கதை ஞாபகம் வந்தது. கொழும்பில் கலவரத்தில் சிங்களத்தில் வாளியின் பெயரைச் சொல்லவைத்துத் தமிழனைக் கண்டுபிடித்த கதை.

2013இல் டொமினிக்கன் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 1929 முதல் அங்கே பிறந்தவர்களில், பத்திரமில்லாத பெற்றோரின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லை. அடுத்த வருடம் ஒரு சட்டம் கொண்டுவந்து கொஞ்சப் பேருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

எங்கேயோ கேட்டதுபோல இல்லையா? 1948இல் எங்கள் மலையகத் தமிழருக்கு நடந்தது இதுதான். அடுத்த வருடத் தொடர்ச்சிச் சட்டத்துக்கு யாழ்ப்பாணத் தலைவர்கள் சிலரும் கை உயர்த்தினார்கள். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தது இரண்டே வருடம் (2006இல் பாதை பூட்டியதோடு படிப்பும் முடிந்தது). அங்கே படித்த ஒன்று மறக்கவில்லை. எழுத்தறிவிலும் ஆயுளிலும் இலங்கை ஏழை நாடுகளுக்கே முன்மாதிரி என்று உலகம் புகழ்ந்த காலத்தில், தோட்டத்து லயன்களில் குழந்தைகள் மற்ற இடங்களை விட அதிகமாகச் செத்துக்கொண்டிருந்தன. சராசரிக் கணக்கில் லயன் தெரியாது. புன்ரா கானா ஹோட்டல் யன்னலிலும் தெரிந்திருக்காது.

கோப்பை கழுவுகிறவரின் தங்கை சாந்தோ டொமிங்கோவில் பன்னிரண்டு வருடம் வீடுகளில் துப்புரவு வேலை செய்தவர். 2024 ஒக்டோபரில் அந்த அரசு கிழமைக்குப் பத்தாயிரம் பேர்வரை திருப்பி அனுப்பப் போவதாக அறிவித்தது. தங்கையையும் பிள்ளையையும் லொறியில் ஏற்றி எல்லைப் பாலத்துக்கு அப்பால் இறக்கிவிட்டார்கள். பிள்ளை ஹெயிட்டியை அதற்குமுன் கண்டதேயில்லை.

"இரண்டில் எது நல்ல நாடு?" என்று அவரிடமே கேட்டேன்.

"டொமினிக்கன்தான். கரண்ட் இருக்கும், ஆஸ்பத்திரி இருக்கும். இருக்க விட்டால்தானே" என்றார்.

தங்கை திரும்பக் கடப்பதற்கு ஆள் தேடுகிறாராம். அதற்கு இருநூறு யூரோ கைமாற்றுக் கேட்டார். சம்பளம் வந்த அன்றே கொடுத்தேன். நானும் ஏஜென்சிக்குக் காசு கட்டி வந்தவன்தானே.