ரப்பர் ஸ்டாம்ப் வாங்குங்க, கார்டு விற்காதீங்க

இரண்டாவது வருமானம் பற்றி வீடியோ போட்டதிலிருந்து ஒரே மாதிரி கேள்வி நிறைய வருது. "மேடம், எனக்குக் கைவேலை நல்லா வரும். வீட்டிலேயே வாழ்த்து அட்டை செஞ்சு விற்கலாமா? மாசம் பத்தாயிரம் தேறுமா?"

என் பதில்: செய்யுங்க, விற்காதீங்க. சி.ஏ. என்பதால் மட்டும் இதைச் சொல்லலை. எட்டு மாசம் நானே விற்றுப் பார்த்தேன்.

எங்க வீடு பிள்ளைச்சாவடி. புதுச்சேரிப் பக்கம் வளர்ந்தவங்களுக்கு இந்த ஆசை வர ஒரு காரணம் இருக்கு. ஊருக்குள்ள எஸ்.வி. பட்டேல் சாலையில் ஆசிரமத்தோட கைக்காகித ஆலை இருக்கு, 1959-ல் ஆரம்பிச்சது. மரக்கூழ் கிடையாது, பருத்தித் துணிக் கழிவிலிருந்து காகிதம் எடுக்கிறாங்க. அந்தத் தாளை ஒருமுறை தொட்டுட்டா சும்மா வெச்சிருக்க மனசு வராது. எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சது. அலுவலகத்தில் நாள் முழுக்க வட்ட சீல் குத்துறவள், ராத்திரி வீட்டுக்கு வந்து பூ சீல் குத்த ஆரம்பிச்சேன்.

பார்க்க சுலபம். செஞ்சா தெரியும். கைக்காகிதம் மேடு பள்ளமா இருக்கும், ஸ்டாம்ப்பை அழுத்தினா இதழ் நடுவில் வெள்ளையா விட்டுப்போகும். சாய மை நார் வழியா கசியும். பிக்மென்ட் மை மேலேயே நிற்கும், ஆனா காய நேரமாகும். அது காயறதுக்குள்ள எம்பாசிங் பவுடர் தூவி, ஹீட் கன் காட்டினா எழுத்து உருகிப் புடைச்சு வரும். ஹேர் டிரையர் வெச்சு முயற்சி பண்ணாதீங்க, பவுடர் முழுக்க மூஞ்சிக்கு வரும்.

அடுத்து சாமான். மரக்கட்டை வெச்ச ரப்பர் ஸ்டாம்ப், அக்ரிலிக் கட்டையில் ஒட்டி எடுக்கிற கண்ணாடி மாதிரி ஸ்டாம்ப், வாசலில் உருட்டுற கோலக் குழல் மாதிரியே மையில் உருட்டுற டிசைன் ரோலர், மை பேட் பதினாலு கலர். எல்லாம் சேர்த்து ஏழெட்டாயிரம் ஆகியிருக்கும்னு நினைச்சிட்டிருந்தேன். விற்பனை ஆரம்பிச்சப்போ கணக்கு நோட்டு போட்டு, பழைய ஆர்டர்களை எல்லாம் தேடிக் கூட்டினேன். 31,400 ரூபாய். ஊர் கணக்கெல்லாம் தணிக்கை பண்றவள் வீட்டு அலமாரியைப் பார்க்கலை.

ஒரு கார்டு விலை 120 ரூபாய். தாளும் உறையும் 22, மை, பவுடர், ரிப்பன் 8, மேலுறை 6. ஆறு கார்டு செஞ்சா ஒண்ணு பாழாகும், அதுக்கு 6 சேர்த்துக்கோங்க. மொத்தம் 42 போனா கையில் 78 ரூபாய். "அறுபத்தஞ்சு சதவீத மார்ஜின்!" என்று யாராவது தம்ப்நெயில் போடுவாங்க. நேரத்தையும் பாருங்க. செய்ய 40 நிமிஷம், போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் பதில் சொல்ல 15, பேக் பண்ணிக் கொண்டுபோய்க் கொடுக்க 15. எழுபது நிமிஷத்துக்கு 78 ரூபாய், அதாவது மணிக்கு 67. மாசம் 40,000 சம்பளம் வாங்குற ஒருத்தருக்கு, 22 நாள் ஒன்பது மணி நேரம்னு வெச்சா, மணிக்கு 202 வருது.

எட்டு மாசத்தில் 164 கார்டு விற்றேன். கையில் நின்னது 12,792. சாமானுக்குப் போட்ட பணத்தில் இன்னும் 18,608 திரும்பலை. செலவான நேரம் 191 மணி, கிட்டத்தட்ட ஒரு முழு மாச வேலை. அதில் பாதிக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைகள்.

எண்களை விட எனக்கு உறைச்ச விஷயம் வேற. அண்ணன் பையனுக்குப் பத்தாவது பிறந்தநாள். அவனுக்கு ஒவ்வொரு வருஷமும் நான் கார்டு செஞ்சு கொடுப்பேன், ஒரு வருஷம் டைனோசர், ஒரு வருஷம் ரயில். அந்த வாரம் கையில் இருபது ஆர்டர். அவசரத்துக்கு மை லேசா கலைஞ்ச ஒரு கார்டை எடுத்து, பேர் எழுதிக் கொடுத்துட்டேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். "அத்தை, இது 120 ரூபாயா?" ஸ்டிக்கரை எடுக்க மறந்திருக்கேன். அவன் ஒண்ணும் தப்பா நினைக்கலை, விலையைப் பார்த்து சந்தோஷம்தான் பட்டான். எனக்குத்தான் அன்னிக்கு சாப்பாடு இறங்கலை.

சரி, சட்டத்துக்கு வருவோம். எங்க ஊர் கூத்தைக் கேளுங்க. புதுச்சேரி டவுனிலிருந்து ஈ.சி.ஆரில் பஸ் ஏறினா கோட்டக்குப்பம் தமிழ்நாடு, பொம்மையார்பாளையம் தமிழ்நாடு, பிள்ளைச்சாவடி வந்தா மறுபடி புதுச்சேரி. கோட்டக்குப்பத்தில் ஒரு கடைக்காரர் மாசம் 40 கார்டு கேட்டார். வேண்டாம்னு சொல்லிட்டேன். மாநிலம் தாண்டி சரக்கு விற்றா, தொகை எவ்வளவு சின்னதா இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்பதுதான் பொது விதி. அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு. ஆனா கடையில் வாங்கின ஸ்டாம்ப்பால் குத்தின கார்டு அந்தப் பட்டியலில் வருமான்னு நான் வாதாடி நிரூபிக்கணும். 120 ரூபாய் கார்டுக்கு அது தேவையா? பெங்களூரு ஆர்டரும் இதே காரணத்தால் போச்சு. உள்ளூருக்குள்ளேயே விற்றாலும் சரக்குக்கு வரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். நாம அதைத் தொடப்போறதில்லை, அது வேற.

வருமான வரி ரொம்ப ஆகாது. உத்தேச வருமான முறையில், பணம் யுபிஐயில் வந்திருந்தா விற்பனையில் 6 சதவீதம் லாபமா காட்டணும். என் 19,680-க்கு அது 1,181 ரூபாய். சிக்கல் படிவத்தில் இருக்கு. தொடர்ந்து விற்றா அது வியாபார வருமானம், அப்போ ஐடிஆர்-1 போட முடியாது. சம்பளம் மட்டும் இருக்கிறவங்க பழைய வரி முறை, புதிய வரி முறை இரண்டையும் வருஷா வருஷம் மாற்றிக்கலாம். வியாபார வருமானம் சேர்ந்துட்டா, பழைய முறைக்குப் போய் ஒருமுறை புதிய முறைக்குத் திரும்பினதும், அந்த வியாபாரம் இருக்கிறவரை மறுபடி பழையதுக்குப் போக முடியாது. எச்ஆர்ஏ, வீட்டுக் கடன் வட்டி காட்டுறவங்களுக்கு இது கார்டு லாபத்தை விடப் பெரிய தொகை. உங்க வேலை ஒப்பந்தத்தில் வேறு வருமானம் பற்றி என்ன எழுதியிருக்குன்னும் படிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு யாரும் சொல்றதில்லை. ஸ்டாம்ப் வாங்கினா அந்தப் படத்தை வெச்சு விற்கிற உரிமையும் சேர்ந்து வரணும்னு இல்லை. வெளிநாட்டு ஸ்டாம்ப் கம்பெனிகள் 'ஏஞ்சல் பாலிசி'ன்னு ஒண்ணு வெச்சிருக்கும். கையால் குத்தி விற்கலாமா, எத்தனை வரைக்கும், கம்பெனி பேர் போடணுமான்னு அதில் இருக்கும். சில கம்பெனி விற்கவே கூடாதுங்குது. நீங்களே படம் வரைஞ்சு, ஆபீஸ் சீல் செய்யுற கடையில் கொடுத்தா அந்தக் கவலை இல்லை.

"அப்போ இதில் சம்பாதிக்கவே முடியாதா?" முடியும், ஆனா கார்டில் இல்லை. போன மே மாசம் எட்டு பேருக்கு அரை நாள் வகுப்பு எடுத்தேன், ஆளுக்கு 600. சாமான் செலவு 800 போக 4,000 நின்னது. தயார் பண்ணின நேரத்தோட ஐந்து மணி, மணிக்கு 800 ரூபாய். ஆனா வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டுக்கு மேல எடுக்க மாட்டேன். மாசா மாசம் எடுத்தா அதுக்கும் ஒரு இருபது ஆர்டர் வாரம் வரும்.

இப்போ என் பட்ஜெட்டில் 'கார்டு' என்று தனியா மாசம் 1,000 ரூபாய் இருக்கு. சினிமா, ஓட்டல் மாதிரி அதுவும் செலவு, முதலீடு இல்லை. மிச்சமானா அடுத்த மாசத்துக்குப் போகும், தீர்ந்தா ஸ்டாம்ப் பக்கமே போறதில்லை. எஸ்ஐபியில் கை வெச்சு ரோலர் வாங்கின காலம் முடிஞ்சது. பெரிய டிசைன் செட்களை இரண்டு தோழிகளோட மாற்றி மாற்றிப் பயன்படுத்துறோம், வருஷத்துக்கு ஆறு முறை தொடுற சாமானை மூணு பேரும் வாங்க வேண்டியதில்லையே.

பொங்கலுக்கு 25 கார்டு செய்யணும். கரும்பு ஸ்டாம்ப் ரெடி, அண்ணன் பையனுக்கு மட்டும் ஜல்லிக்கட்டுக் காளை. பச்சை பேட் காய்ஞ்சு கிடக்கு, ரீஃபில் மை 180 ரூபாய். இந்த மாச ஆயிரத்தில் இன்னும் 340 மிச்சம் இருக்கு.